மக்கு என்று அடி வாங்கிய மதனப்பள்ளிப் பையன்: ஜே.கிருஷ்ணமூர்த்தி கேட்ட மூளைக் கேள்விக்கு அறிவியலின் பதில் என்ன?

1909-ம் ஆண்டு. அடையாறிலிருந்து மயிலாப்பூர் பள்ளிக்கூடத்துக்குத் தம்பியோடு தினமும் நடந்து வருகிறான் 13 வயதுப் பையன் ஒருவன். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று கிட்டத்தட்ட தினமும் பிரம்படி. அழுதுகொண்டே வராண்டாவில் நிற்பான். வாத்தியார் அவனை மறந்தே போய்விடுவார். சாயங்காலம் தம்பிதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவான்.

பையனுக்கு மூளை வளர்ச்சி சரியில்லை என்றே சுற்றியிருந்த பலரும் நினைத்தார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் ஜே.கே. என்று உலகம் அறிந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. மனித மூளை தன்னை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர்.

மக்கு என்ற முத்திரைக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவே என்ன நடந்தது?

கடப்பா காய்ச்சல்

திருப்பதிக்கு மேற்கே இருக்கிறது மதனப்பள்ளி. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட ஊர். அங்கே 1895 மே மாதம் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தார் கிருஷ்ணமூர்த்தி. அப்பா நாராயணய்யா வருவாய்த் துறை அதிகாரி.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகிக் குடும்பம் கடப்பாவுக்குப் போனது. 1897-ல், 2 வயதில், குழந்தைக்கு மலேரியா வந்து உயிர் போய் உயிர் வந்தது. அதே ஆண்டுதான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் கண்டுபிடித்தார். அது இந்தக் குழந்தைக்கு உதவவில்லை. காய்ச்சல் பல வருஷம் விட்டுவிட்டு வந்தது. படிப்பும் விட்டுப்போனது. 10 வயதில் அம்மாவும் போய்விட்டார்.

மலேரியா மூளையைத் தாக்கினால் என்ன ஆகும் என்பது இன்று நமக்குத் தெரியும். 2008-ல் வெளியான உகாண்டா ஆய்வு ஒன்றில், மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளில் சுமார் நாலில் ஒருவருக்கு 2 வருஷம் கழித்தும் சிந்திக்கும் திறனில் பாதிப்பு இருந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு வந்தது அந்த வகையா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நோய், தாயின் இழப்பு, பிரம்படி மூன்றும் சேர்ந்த ஒரு குழந்தையை மக்கு என்று முடிவு கட்டியது எவ்வளவு அவசரம் என்று மட்டும் சொல்லலாம்.

கடிகாரத்தைப் பிரித்தவன்

அதே பையன் ஒருநாள் வீட்டுக் கடிகாரத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டான். திரும்ப மாட்டி ஓடவைக்கும் வரை சாப்பிடவும் இல்லை, பள்ளிக்கும் போகவில்லை. கவனம் இல்லாத பிள்ளை செய்யும் வேலையா இது?

1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் அவனைப் பார்த்து, உலக குருவாக வரப்போகிறவன் என்று அறிவித்தார். அந்த ஆன்மிகக் கணக்கு நமக்கு வேண்டாம். நடைமுறையில் நடந்தது இதுதான்: பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நல்ல சாப்பாடு, விளையாட்டு, தனி ஆசிரியர்கள். சில மாதங்களில் ஆங்கிலம் பேச வந்துவிட்டது. தேர்வு மட்டும் கடைசிவரை கைகொடுக்கவில்லை. பின்னாளில் லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் பல முறை தோற்றார்.

பயம் மூளையை என்ன செய்கிறது? மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள பெருநகரமான பெங்களூருவில், என்சிபிஎஸ் ஆய்வகத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002-ல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. தொடர்ந்து மன அழுத்தத்தில் வைக்கப்பட்ட எலிகளில், நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் அவை வளர்ந்தன. அப்படின்னா, அடித்துச் சொல்லிக்கொடுத்தால் பாடத்தை விட பயம்தான் நன்றாகப் பதியும் போல.

தம்பியின் மரணம்

1922-ல் கலிஃபோர்னியாவின் ஓஹாயில் கிருஷ்ணமூர்த்திக்குப் பிடரியிலும் தலையிலும் கடும் வலி, நடுக்கம், நினைவு தப்புதல் எல்லாம் வந்தன. பிறகும் பல வருஷம் அது தொடர்ந்தது. கூட இருந்தவர்கள் ஆன்மிக விளக்கம் கொடுத்தார்கள். இன்று நமக்கு இப்படி வந்தால் நரம்பியல் டாக்டர் ஒற்றைத் தலைவலி, வலிப்பு போன்றவற்றை முதலில் சோதிப்பார். இறந்தவருக்கு நோய்ப் பெயர் சூட்டுவது மருத்துவம் ஆகாது.

1925 நவம்பரில் தம்பி நித்யா காசநோயால் இறந்தார். பிழைத்துக்கொள்வார் என்று பெரியவர்கள் உறுதி கொடுத்திருந்தார்கள். சூயஸ் அருகே கப்பலில் இருந்த அண்ணனுக்குத் தந்தி வந்தது. நாட்கணக்கில் அழுதார். அந்த அடியில் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி, நெதர்லாந்தின் ஓமனில், தன்னைத் தலைவராக வைத்து உருவாக்கிய அமைப்பை அவரே கலைத்தார்.

மூளை மாறுமா?

பிறகு 1986-ல் புற்றுநோயால் இறக்கும்வரை பேச்சுதான் வாழ்க்கை. 1980-ல் இயற்பியலாளர் டேவிட் போமுடன் நடத்திய உரையாடல்களில் இந்த மூளைக் கேள்வி மையமாக இருந்தது. பழைய நினைவுகளின் தடத்திலேயே ஓடும் மூளை, ஒரு ஆழமான புரிதலால், நேரம் எடுக்காமல், செல் அளவிலேயே மாறிவிடும் என்பது அவர் வாதம்.

இதில் பாதியை அறிவியல் ஏற்கிறது. வளர்ந்த மூளை மாறும். 2000-ல் வெளியான ஆய்வில், லண்டன் தெருக்களை மனப்பாடம் செய்த டாக்ஸி ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதை விடப் பெரிதாக இருந்தது. 2001-ல் மார்கஸ் ரெய்க்லே குழு, நாம் சும்மா இருக்கும்போதும் ஓய்வெடுக்காத ஒரு மூளை வலைப்பின்னலை அடையாளம் காட்டியது. பழசையும் நாளையையும் அசைபோடும் நேரத்தில் அதுதான் சுறுசுறுப்பாக இருக்கிறது.

இன்னொரு பாதிக்கு ஆதாரம் இல்லை. டாக்ஸி ஓட்டுநர்களின் மாற்றம் வருஷக்கணக்கான பழக்கத்தில் வந்தது. 2022-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், 8 வாரத் தியானப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் எதையும் காண முடியவில்லை என்றார்கள். தியான ஆப்பில் காசு கட்டும் முன் இதை நினைவில் வைக்கலாம். கிருஷ்ணமூர்த்தியே பயிற்சி முறைகளை ஒதுக்கியவர்தான். ஆனால் மனச்சோர்வோ வலிப்போ இருப்பவர்கள் புரிதல் வரட்டும் என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

மதனப்பள்ளி அருகே அவர் தொடங்கிய ரிஷிவேலி பள்ளியில், பயமும் ஒப்பீடும் இல்லாமல் கற்க முடியுமா என்று பார்த்தார். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டை அங்கீகரித்தது. வராண்டாவில் நின்ற பையனுக்கு இவை எதுவும் இல்லை. இன்று வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு இருக்கின்றன. அதற்கு முதலில் மக்கு என்ற வார்த்தையை நாம் விட வேண்டும்.