துப்பாயா: காற்று திரும்பும் மாதங்களை அறிந்த கடலோடி

தாஹிட்டியைச் சூழ்ந்த பசிபிக் கடலில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்று கிழக்கிலிருந்தே வீசும். அப்படியானால் அந்த மக்களின் முன்னோர் பாய்த்தோணிகளில் மேற்கிலிருந்து கிழக்கே எப்படி வந்தார்கள்? பிரித்தானியக் கப்டன் ஜேம்ஸ் குக்குக்கு இதை விளக்கியவர், போரினால் சொந்தத் தீவை இழந்திருந்த துப்பாயா என்ற பூசகர்.

துப்பாயா 1725 அளவில் ரயாத்தேயா தீவில் பிறந்தார். அங்குள்ள தப்புத்தப்புவாத்தேயா, சுற்றியுள்ள தீவுகள் பலவற்றுக்கும் பொதுவான புனிதத்தலம். அவர் அங்கே ஓரோ தெய்வத்தின் பூசகராகவும் கடலோடியாகவும் தேர்ந்தார். எழுத்து இல்லாத சமூகம் என்பதால் தீவுகளின் பெயர்கள், விண்மீன்கள், காற்றுகள் பற்றிய அறிவெல்லாம் மனனமாகவே காக்கப்பட்டது.

அவர்களின் ஆண்டு இரண்டு பாதிகளைக் கொண்டது. நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தை அவர்கள் மாத்தாரிஈ என்பார்கள். நவம்பரில் சூரியன் மறைந்ததும் அது கிழக்கு அடிவானில் தோன்றினால் மழையும் ஈரப்பலாவும் மீனும் பெருகும் வளமான காலம் தொடங்கும். மே மாதத்தில் அது மாலை வானிலிருந்து மறைந்தபின் வருவது பற்றாக்குறைக் காலம்.

1760 அளவில் போரா போரா தீவின் வீரர்கள் ரயாத்தேயாவைக் கைப்பற்றினார்கள். துப்பாயா ஈட்டிக் காயத்துடன் தாஹிட்டிக்குத் தப்பினார். காணிகள் பறிபோயின, கற்றது கூடவே வந்தது. தாஹிட்டியில் புரேயா என்ற பெண் தலைவரின் ஆலோசகரானார். சில ஆண்டுகளில் அந்தத் தரப்பும் போரில் தோற்றது.

1769 ஜூலையில் குக்கின் எண்டவர் கப்பலில் ஏறினார். சொந்த மண்ணை மீட்க ஆங்கிலேயர் உதவுவார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம் என வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கப்பல் ரயாத்தேயாவுக்கும் போனது. ஆனால் தீவு போரா போராவினரின் பிடியிலேயே இருந்தது.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழையோடு மேற்குக் காற்று வீசும், கிழக்கே போகிறவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள் என்று துப்பாயா குக்குக்கு விளக்கினார். மாத்தாரிஈ எழும் அதே பருவம்தான் அது. 74 தீவுகளைக் காட்டும் வரைபடம் ஒன்றும் அவரது அறிவிலிருந்து உருவானது. கப்பல் எத்தனை முறை திசை மாறினாலும் தாஹிட்டி இருக்கும் பக்கத்தை அவரால் கைநீட்டிக் காட்ட முடிந்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு அவருடைய மொழி விளங்கியது.

1770 இறுதியில், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவில், அவருடன் வந்த தையாத்தா என்ற சிறுவன் நோயினால் இறந்தான். சில நாட்களில் துப்பாயாவும் இறந்தார். 1773இல் குக் மீண்டும் நியூசிலாந்து சென்றபோது மாவோரிகள் முதலில் விசாரித்தது துப்பாயாவைத்தான்.

அவர் வரைந்த ஓவியங்கள்கூட நீண்டகாலம் பெயர் தெரியாத ஒருவருடையதாகவே இருந்தன. பழைய கடிதம் ஒன்றின் மூலம் 1997இல்தான் அவை அவருடையவை என்று தெரியவந்தது. அவர் சொன்னவற்றில் மற்றவர்கள் எழுதிவைத்த அளவே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் மாத்தாரிஈயின் வருகையைத் தாஹிட்டி மக்கள் இன்றும் நவம்பரில் கொண்டாடுகிறார்கள்.