அனுமதி கிடைக்காத அறுவை மருத்துவர்

சென்ற ஆண்டு புராஸ்டேட் வீக்கத்துக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சிறுநீர் வடியும் கதீட்டருடன் மூன்று நாள்கள் மருத்துவமனையில் கிடந்தேன். அந்தக் குழாயை நான் சபித்துக்கொண்டிருந்தபோது, சிறுநீரியல் சிகிச்சைக்கென உருவான ஒரு மெல்லிய கதீட்டர்தான் மனித இதயத்துக்கு வழி திறந்தது என்றார் என் மருத்துவர். வீடு திரும்பியதும் வெர்னர் ஃபோர்ஸ்மனின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

1904-இல் பெர்லினில் பிறந்த ஃபோர்ஸ்மன், 1929-இல் மருத்துவத் தேர்வில் தேறி, அருகிலுள்ள எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்தார். கையின் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தினால் மார்பைத் திறக்காமலே இதயத்தை அடையலாம் என்பது அவருடைய எண்ணம். தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார்.

பின்னாளில் அவர் எழுதிய தன்வரலாற்றின்படி, கருவிகளைப் பாதுகாத்துவந்த செவிலியர் சோதனைக்குத் தம்மையே தர முன்வந்தார். அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, ஃபோர்ஸ்மன் தம் இடக்கைச் சிரையில் குழாயைச் செலுத்திக்கொண்டார். அந்நிலையிலேயே நடந்து எக்ஸ்ரே அறைக்குச் சென்றார். 65 சென்டிமீட்டர் நீளம் உள்ளே சென்ற குழாயின் நுனி, இதயத்தின் வலது மேலறையில் இருப்பதைப் படம் காட்டியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

அவ்வாண்டு நவம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. பாராட்டைவிடக் கண்டனமே மிகுதி. பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் கிடைத்த இடமும் நிலைக்கவில்லை. இறுதியில் இதய ஆய்வைக் கைவிட்டுச் சிறுநீரியல் அறுவை சிகிச்சை பயின்றார். அவர் 1933-இல் மணந்த எல்ஸ்பெட்டும் மருத்துவரே. பின்னாளில் அவரும் அதே துறையில் வல்லுநரானார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்கலாகாது. 1932-இல் ஃபோர்ஸ்மன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போரில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தார். தம் உடலைப் பணயம் வைக்கத் துணிந்தவருக்கு, அந்தக் கட்சியை மறுக்கும் துணிவு இல்லை. போருக்குப் பின் சிலகாலம் மரம் வெட்டிப் பிழைத்தார். கிராம மருத்துவராக இருந்தார். 1950-இல் பாட் கிராய்ட்ஸ்நாக் நகரில் சிறுநீரியல் மருத்துவராகத் தொழில் தொடங்கினார்.

இதற்கிடையே நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் 1940-களில் அவருடைய முறையைச் செம்மைப்படுத்தி, இதய நோய்களை ஆராயும் கருவியாக்கினர். 1956-இல் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எபர்ஸ்வால்டே சோதனைக்கும் பரிசுக்கும் இடையே 27 ஆண்டுகள்.

அறிவு ஒரு பொதுப்பண்டம் என்று பொருளாதார வகுப்புகளில் கற்பித்திருக்கிறேன்: அதன் செலவு ஒருவரைச் சேரும், பயன் அனைவரையும் சேரும். ஃபோர்ஸ்மனின் வாழ்க்கை அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. ஒரு கருத்து பிறக்கத் தனிமனிதத் துணிவு போதும். அது பயன்பட ஆய்வகமும் நிதியும் பொறுமையுள்ள நிறுவனமும் வேண்டும். ஜெர்மனியில் முதலாவது இருந்தது. இரண்டாவதை நியூயார்க் அளித்தது.

எபர்ஸ்வால்டேயின் தலைமை மருத்துவரையும் நான் குறை கூறமாட்டேன். ஓர் இளம் மருத்துவரின் உயிரைக் காப்பது அவர் கடமை. பிழை, படம் கையில் கிடைத்த பின்னரும் அதைத் தொடர்ந்து ஆராய இடம் தராததில் இருந்தது. நம் கல்லூரிகளில் நானும் எத்தனையோ கோப்புகளில் மறுப்பு எழுதியிருக்கிறேன். அவற்றுள் எத்தனை மறுபரிசீலனைக்கு உரியவையாக இருந்தன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1979 ஜூன் 1 அன்று ஃபோர்ஸ்மன் காலமானார். காரணம் இதயச் செயலிழப்பு. இன்று ஆஞ்சியோகிராமுக்காக இதயத்தை நோக்கிக் குழாய் செலுத்தப்படுவதற்கு அவர் சோதனையே முன்னோடி. அவரோ தம் தொழில்வாழ்வின் பெரும்பகுதியை என்னைப் போன்ற நோயாளிகளிடையே கழித்தார்.