வானத்தோடு ஏட்டை ஒப்பிட்ட மன்னர்

தில்லியில் வாழும் மாணவர் பலர் ஜந்தர் மந்தரைக் கண்டிருப்பர். செந்நிறம் பூசிய அக்கட்டடங்களுள் ஒன்றில் நெடிய படிக்கட்டு ஒன்று சாய்வாக மேலேறுகிறது. அதன் உச்சியில் அறையும் இல்லை, மேல்தளமும் இல்லை. வெற்று வானத்தை நோக்கி ஏறும் படிக்கட்டை ஒருவர் ஏன் கட்டினார்? இவ்வினாவிற்கு விடை காண, அவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய நூல்களிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அவர் பெயர் சவாய் ஜெய்சிங். ராஜஸ்தானத்து ஆம்பேர் அரச குடும்பத்தில் 1688ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பிறந்தார். தந்தை பிஷன் சிங் மறைந்தபோது அவருக்கு வயது பதினொன்று. அச்சிறு வயதிலேயே அரியணை ஏறி, ஔரங்கசீப்பின் அவையிலும் போர்க்களத்திலும் நிற்க வேண்டியவரானார். அவர் நடத்திய போர்களையும் ஆண்ட மாகாணங்களையும் வரலாற்றுப் பாடத்தில் கற்பீர்கள். போர்களுக்கு இடையிலும் அவர் விடாது பேணிய வேட்கை ஒன்று உண்டு. அதுவே இப்பாடத்தின் பொருள்.

திருவிழா நாள், கிரகணம், பயணத்திற்குரிய நல்வேளை ஆகிய அனைத்தையும் கணிக்க அக்காலத்தார் வானநூல்களையே நம்பினர். அந்நூல்கள் எல்லாம் கையால் எழுதப்பட்டவை. ஒரு நூல் வேண்டுமாயின் படியெடுப்போரை அமர்த்தி ஒவ்வொரு தாளாக எழுதிப் பெற வேண்டும். ஜெய்சிங் வடமொழிச் சித்தாந்த நூல்களோடு நிறைவடையவில்லை. சமர்க்கந்தை ஆண்ட உலுக் பெக் 1437ஆம் ஆண்டளவில் முடித்த விண்மீன் அட்டவணைகளைப் பாரசீக மொழியில் பெற்றார். கிரேக்க அறிஞர் தாலமி இயற்றிய வானநூலும், யூக்ளிடின் வடிவ கணிதமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அரபு மொழிக்குச் சென்றிருந்தன. நசீருத்தீன் தூசி என்னும் பேரறிஞர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செப்பம் செய்த அரபு வடிவங்களைக் கொண்டு, ஜெய்சிங்கின் அவைப் புலவர் ஜெகந்நாத சாம்ராட் அவ்விரண்டையும் வடமொழியாக்கினார். அவற்றுள் யூக்ளிடின் நூல் ‘ரேகா கணிதம்’ என்னும் பெயரில் பதினைந்து அத்தியாயங்களாக அமைந்தது.

அட்டவணை நூலைப் படியெடுப்பது காவியத்தைப் படியெடுப்பது போன்றதன்று. காவியத்தில் ஒரு சொல் பிழைபட்டால், பொருளோ ஓசையோ அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். அட்டவணையிலோ எண்களே நிறைந்திருக்கும். ஓர் எண் மாறினாலும் படிப்பவர் அறியார். அரபு அட்டவணைகளில் எண்களை எழுத்துகளால் குறிப்பர். அங்கே மூன்றைக் குறிக்கும் எழுத்துக்கும் எட்டைக் குறிக்கும் எழுத்துக்கும் ஒரு புள்ளியே வேறுபாடு. புள்ளியிடாமல் எழுதிய நம் ஓலைச்சுவடிகளைப் படிப்போர் படும் பாட்டை அறிந்தவர்க்கு இத்தொல்லை நன்கு விளங்கும். வடமொழியார் இதற்கு ஓர் அழகிய வழி கண்டிருந்தனர். கண் என்றால் இரண்டு, கடல் என்றால் நான்கு என எண்களைச் சொற்களாக்கிச் செய்யுளில் பூட்டிவிட்டனர். சொல் பிறழ்ந்தால் யாப்புத் தட்டும்.

இவ்வாறு திரட்டிய நூல்களை ஜெய்சிங் பட்டுத்துணியில் பொதிந்து பெட்டியில் பூட்டி மகிழவில்லை. அவற்றை வானத்தோடு ஒப்பிட்டார். நூலில் கணித்த இடம் ஒன்றாகவும், கோள் நின்ற இடம் வேறாகவும் இருக்கக் கண்டார். உலுக் பெக்கின் அட்டவணையும் ஒத்துவரவில்லை. இந்திய நூல்களும் ஒத்துவரவில்லை. முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவிடம் அவர் இதனை எடுத்துரைத்தார். புதிதாக நோக்கிக் கணிக்கும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது.

முதலில், இசுலாமிய வானநூல்கள் கூறியவாறு பித்தளைக் கருவிகளைச் செய்வித்தார். அவை அளவிற் சிறியவையாதலால் நுண்ணிய பிரிவுகளைக் குறிக்க இடம் போதவில்லை, அச்சு தேய்ந்தது, நடுப்புள்ளி விலகியது. பித்தளையைக் கைவிட்டுக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மலைபோன்ற கருவிகளை எழுப்பத் துணிந்தார். 1724இல் தில்லியில் எழுந்த வானாய்வுக் கூடம் இவ்வாறு பிறந்ததே. நாம் முன்னர்க் கண்ட படிக்கட்டு உண்மையில் ஒரு பெரிய நிழற்கடிகாரத்தின் முள்ளாகும். அதன் சாய்ந்த விளிம்பு வடதுருவத்தை நோக்கியது. பின்னர் ஜெய்ப்பூர், மதுரா, உஜ்ஜயினி, வாராணசி ஆகிய இடங்களிலும் கூடங்கள் எழுந்தன. ஓரிடத்து நோக்கின் பிழையை மற்றோரிடத்து நோக்கால் திருத்தலாம் என்பது அவர் எண்ணம்.

ஐரோப்பாவிலும் இத்தகைய பணி நடைபெறுவதை அவர் கேள்வியுற்றார். உடனே, மானுவேல் டி ஃபிகரெடோ என்னும் பாதிரியாரை 1727இல் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். கடல்வழிச் சென்ற அக்குழு மூன்றாண்டளவில் திரும்பியது. பிரெஞ்சு அறிஞர் ல ஹீர் அச்சிட்ட அட்டவணைகளை அது கொண்டுவந்தது. ஜெய்சிங் அவற்றையும் விட்டுவைக்கவில்லை. அவர் தம் கூடத்தில் நோக்கிய நிலவின் இடத்திற்கும் அந்நூல் காட்டிய இடத்திற்கும் அரைப் பாகை வேறுபாடு இருந்தது. முழுநிலவின் அகலமே ஏறத்தாழ அரைப் பாகைதான். எனவே, நூல் காட்டிய இடத்தைவிட்டு நிலவு தன் அகலம் முழுவதும் தள்ளி நின்றது!

ஐரோப்பியரின் கருவிகள் சிறியவை; அதனாலேயே பிழை நேர்ந்தது என்று ஜெய்சிங் முடிவு செய்தார். இங்கே அவருடைய கணிப்பு முழுமையானதன்று என்றே கூற வேண்டும். தொலைநோக்கியின் துணையால் அங்கே வானியல் வேறு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. அவருடைய தூதர் புறப்பட்ட அதே ஆண்டில்தான் நியூட்டன் மறைந்தார். அவருடைய கொள்கை ஜெய்சிங்கின் நூல்களில் இடம்பெறவில்லை. எத்தனை நூல் திரட்டினும், தேவையான நூல் கைக்கு எட்டாது போவதும் உண்டு.

1734இல் வங்காளத்துச் சந்திரநாகூரிலிருந்து பூதியே, போன்ஸ் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இருவர் அவர் அழைப்பிற்கிணங்கப் புறப்பட்டு, வழிநெடுக வானை நோக்கி அளந்துகொண்டே ஜெய்ப்பூரை அடைந்தனர். இவர்களுள் போன்ஸ் தாமும் சுவடி திரட்டியவர். வடமொழிச் சுவடிகளைப் பாரிசு அரச நூலகத்திற்கு அனுப்பியவர். பின்னாளில் அவர் நம் காரைக்காலில் தங்கியிருந்தபோது, 1740இல், இந்தியரின் கல்வியைப் பற்றி நீண்ட மடல் ஒன்று எழுதினார்.

ஜெய்சிங்கின் உழைப்பு பாரசீக மொழியில் ஒரு பெருநூலாயிற்று. பேரரசரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதிலுள்ள விண்மீன் பட்டியலை ஆராய்ந்தோர் ஒரு செய்தியைக் கண்டனர். அஃது உலுக் பெக்கின் பட்டியலே. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் விண்மீன்களின் இடம் மாறிய அளவாகிய நான்கு பாகை எட்டுக் கலையை மட்டும் ஒவ்வொன்றோடும் கூட்டியிருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை முற்றிலும் புதிதாக அளக்க ஒரு வாழ்நாள் போதாது போலும்.

1743ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஜெய்சிங் மறைந்தார். அவருக்குப்பின் கூடங்களில் நோக்குவோர் அருகினர். மதுராவிலிருந்த கூடம் அடையாளமின்றி அழிந்தது. அவர் வழிவந்த ஜகத்சிங்கின் காலத்தில் நூலகம் சூறையாடப்பட்டுப் பலருக்கும் பங்கிடப்பட்டதாக, ராஜஸ்தான வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் டாட் வருந்திக் குறித்துள்ளார். சிதறியவை போக எஞ்சிய சுவடிகள் ஜெய்ப்பூர் அரண்மனையின் போத்திகானா என்னும் நூலறையில் தங்கின. ஜெகந்நாதரின் ‘ரேகா கணிதம்’ அழியாது பிழைத்த நூல்களுள் ஒன்று. அஃது எழுதப்பட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், 1901, 1902ஆம் ஆண்டுகளில் பம்பாயில் இரு தொகுதிகளாக அச்சேறியது.