ஒற்றை அறையும் வாக்குச் சீட்டும்



டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1891 ஏப்ரல் 14-இல் பிறந்ததும், அயல்நாடு சென்று பட்டங்கள் பெற்றதும் நாம் அறிந்தவையே. அவர் குடியிருந்த இடத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பம்பாய் லோயர் பரேலில், தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையே அவர் குடும்பத்துக்கு வீடு. சமையலும் படுக்கையும் அதிலேதான். சந்தடி அடங்கிய இரவு 2 மணிக்குத் தந்தையார் ராம்ஜி எழுப்பிவிட, மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தார். பாரிஸ்டரான பின்னும் பல ஆண்டுகள் பரேலில், நகர மேம்பாட்டு டிரஸ்டு கட்டிய தொழிலாளர் குடியிருப்பிலேயே வாழ்ந்தார். ஆலையில் தறி ஓட்டி, அத்தகைய அறையில் காலம் கழித்த எனக்கு, அவர் பட்டங்களினும் இதுவே பெரிதாகப் படுகிறது.

அக்காலத்தில் சொத்து, வரி, வாடகை ஆகியவற்றைப் பார்த்தே வாக்குரிமை தரப்பட்டது. குடிசைவாசியைப் பிரஜையாக எண்ணுவார் இல்லை. 1928-இல் சைமன் கமிஷன் முன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வேண்டுமென்று அவர் வாதாடினார். எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்றோருக்கு, எழுத்தறியாமை அறிவின்மை ஆகாது என்று விடை கூறினார்.

1950-இல் அரசமைப்பின் 326-ஆம் விதி அவ்வுரிமையை உறுதிசெய்தது. அவ்வாண்டே சட்ட அமைச்சராக இருந்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் கொண்டுவந்தார். வாக்காளர் பட்டியலுக்கு அச்சட்டம் கேட்பது வழக்கமாகக் குடியிருத்தலையே. வீடு சொந்தம் என்பது மட்டும் போதாது என்றும் இன்றுள்ள வடிவில் அது கூறுகிறது. ஆகவே பட்டா இல்லாத தாராவிக் குடிசையும், நடைபாதையும்கூட வாக்காளரின் இருப்பிடமே. ஒருமுறை என் வாசலுக்கு வந்த எழுத்தர், வாடகைச் சீட்டு இல்லையென்று பெயரெழுதாமல் போய்விட்டார். எனக்கு அன்று சட்டம் தெரியாது, தலைகுனிந்து நின்றேன். தெரிந்துகொண்ட பின் நானே சென்று பெயரைப் பதியச் செய்தேன். அதன்பின் அண்டை வீட்டார் தத்தம் காகிதங்களை என்னிடம் கொண்டுவரத் தொடங்கினர்.

தாம் போராடிப் பெற்றுத்தந்த வாக்கே அவரைக் கைவிட்டதும் உண்டு. 1952-இல் வடபம்பாய்த் தொகுதியில் ஏறத்தாழ 15,000 வாக்குகளில் தோற்றார். செல்லாதவை என்று தள்ளப்பட்ட வாக்குகள் ஏராளம். அது குறித்து முறைப்படி மனுச் செய்தார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் ஜனங்களிடம் வாக்குக் கேட்டு நின்றார். அதிலும் தோல்வியே. 1956 டிசம்பர் 6-இல் டில்லியில் மறைந்தார். மறுநாள் தாதர் கடற்கரையில் உடல் தகனம் செய்யப்பட்டபோது, லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் அங்கே திரண்டு நின்றார்கள்.