அதிபரின் கட்சிக்காரர், அரசின் தணிக்கையாளர்: லிண்ட்சே வாரனின் வாழ்க்கைப் பாதை

அமெரிக்காவின் வட கரோலினா மாநில சட்டமன்றத்தில் பொதுவாழ்வைத் தொடங்கி, அந்நாட்டு அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளராக உயர்ந்தவர் லிண்ட்சே கார்ட்டர் வாரன். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அவர், அந்த அதிபரின் அரசு செய்த செலவுகளையே சோதிக்க வேண்டிய பொறுப்பை 1940-இல் ஏற்றார்.

வட கரோலினாவில் உள்ள வாஷிங்டன் என்ற சிறு நகரில் 1889 டிசம்பர் 16-ஆம் தேதி வாரன் பிறந்தார். 1912-இல் வழக்கறிஞரான அவர், 1917 மற்றும் 1919-இல் மாநில செனட்டிலும், 1923-இல் மாநிலக் கீழவையிலும் இடம்பெற்றார். 1925 முதல் 15 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார்.

அமெரிக்காவின் தலைமைத் தணிக்கையாளர் பதவி 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. பதவிக்காலம் 15 ஆண்டுகள், மறுநியமனம் கிடையாது. நியமிப்பவர் அதிபர் என்றாலும், பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே உள்ளது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி நீக்க இயலாது. ஆட்சியாளர்களின் அழுத்தத்துக்குத் தணிக்கையாளர் பணியாதிருக்கவே இந்த ஏற்பாடு.

அந்தச் சுதந்திரத்தை வாரன் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், ரத்தாகும் ராணுவ ஒப்பந்தங்களுக்கு இழப்பீடு வழங்கும் முன் தணிக்கை நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தினார். எனினும், 1944-இல் நிறைவேறிய ஒப்பந்தத் தீர்வுச் சட்டம் அந்த முன்தணிக்கைக்கு இடமளிக்கவில்லை.

போர் முடிந்தபோது தணிக்கை செய்யப்படாத செலவுச் சீட்டுகள் சுமார் 3.5 கோடி தேங்கிக் கிடந்தன. ஊழியர் எண்ணிக்கையும் 15 ஆயிரத்தை நெருங்கியது. ஒவ்வொரு சீட்டையும் தலைமையகத்துக்கு வரவழைத்துச் சரிபார்க்கும் முறை இனிப் பயன்படாது என்று முடிவு செய்த வாரன், தணிக்கையாளர்களை அரசுத் துறைகளுக்கே அனுப்பும் விரிவான தணிக்கை முறையை 1949-இல் தொடங்கினார். ஒவ்வொரு துறையும் தன் கணக்கைத் தானே முறையாகப் பராமரிக்க வேண்டும். அது நம்பகமானதா என்பதைத் தணிக்கையாளர் ஆராய்வார். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்கு வலுச் சேர்த்தது. அவர் விலகும்போது அலுவலகத்தின் ஊழியர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

உடல்நலக் குறைவால், பதவிக்காலம் முடியும் முன்பே 1954-இல் அவர் ஓய்வு பெற்றார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி, 1959 மற்றும் 1961-இல் மீண்டும் மாநில செனட்டில் பணியாற்றினார். 1976 டிசம்பர் 28-ஆம் தேதி, 87-ஆவது வயதில் காலமானார். வட கரோலினாவின் அலிகேட்டர் ஆற்றுப் பாலத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.