காட்டைக் கற்பித்த மா. கிருஷ்ணன்

மகாவலியின் ஒரு கிளை கடலோடு கலக்கும் வெருகலிலும் அயலிலுள்ள ஈச்சிலம்பற்றிலும் காட்டு யானைகளின் தொல்லை வயல் செய்வோர் நன்கறிந்ததே. பயிரும் உயிரும் பறிபோகின்றன, யானைகளும் மடிகின்றன. வேலி ஒன்றே தீர்வு என்று பலரும் எண்ணும் நிலையில், காட்டைக் கூர்ந்து நோக்குவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழரின் வாழ்க்கை நினைவுகூரத்தக்கது.

மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30 ஆம் திகதி திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை அவர். தந்தையார் 1925 இல் காலமானார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பைசனிடம் தாவரவியல் கற்ற கிருஷ்ணன், பின்னர் சட்டமும் பயின்றார். ஆயினும் அவரது மனம் நீதிமன்றத்தை நாடவில்லை. 1942 இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்று, அம்மலைக்காட்டுச் சூழலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையுமே சீவனோபாயமாகக் கொண்டார்.

1950 இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பெப்ரவரி 18 ஆம் திகதி அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் தொடர்ந்தது. தமிழிலும் அவர் நிறைய எழுதினார். அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தளித்தார்.

வெவ்வேறு கமராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில் அவர் படமெடுத்தார். யானை மீதமர்ந்து காட்டு யானைகளைப் பின்தொடர்ந்தார். 1968 இல் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தென்னிந்தியாவின் பெரிய விலங்குகளை ஆராய்ந்தார். 1970 இல் பத்மஸ்ரீ விருதும், 1995 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பின் 'குளோபல் 500' விருதும் அவரைத் தேடி வந்தன. மண்ணுக்குரிய மரங்களை அகற்றி அந்நிய மரங்களை நடுவதை இறுதிவரை எதிர்த்தார். தாவரத்தை இழந்த காட்டில் விலங்கு மட்டும் எஞ்சாது என்பதே அவர் கொள்கை.

செங்கல்பட்டுக்கு அண்மையிலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் பற்றி அவர் 1960 இல் ஒரு கைந்நூல் எழுதினார். அவ்வூரார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடலாகாது என ஆங்கிலேயக் கலெக்டரிடம் சாசனம் பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களது வயலுக்கு உரமாயிற்று. பாதுகாப்பு அங்கு அரசாணையில் அன்றி, ஊராரின் வாழ்வில் வேரூன்றியிருந்தது.

நாரை வயலுக்கு உரம் தருகின்றது. யானையோ விளைந்ததை உண்டு செல்கின்றது. ஆதலால் யானையைக் காக்கும் சுமையை வெருகல் விவசாயியின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. இழந்த பயிருக்கு உரிய காலத்தில் நட்டஈடு கிடைக்க வேண்டும். எப்பருவத்தில், எவ்வழியாக, எந்த நீர்நிலையை யானைகள் நாடுகின்றன என்பதை அறிந்த பின்னரே வேலி எழ வேண்டும். அந்த அறிவு அலுவலகத்து வரைபடத்தில் கிட்டாது. கிருஷ்ணனைப் போலக் காட்டில் காத்திருந்து நோக்குவோருக்கும், இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருக்கும் விவசாயிக்குமே அது வாய்க்கும். அவ்விருவரையும் கேட்டுத் திட்டம் வகுப்பதே அரசின் கடன்.