ஒரே சனி, ரெண்டு பெயர்ச்சி: ரகுநாதாச்சாரி என்ற வானியலாளரின் கதை

ஒரு சின்ன கேள்வியோடு ஆரம்பிக்கலாம். சனிப்பெயர்ச்சி எப்போ நடந்தது? உங்க வீட்டுல திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கிறவங்க 2025 மார்ச் 29 என்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிறவங்க 2026 மார்ச் என்பார்கள். திருநள்ளாறு கோயிலும் வாக்கியக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது. கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம்! வானத்துல இருக்கிறது ஒரே ஒரு சனி. அது எப்படி ரெண்டு தேதியில் ராசி மாறும்?

இந்தக் கேள்வியைச் சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடியே, டெலஸ்கோப்பில் கண் வைத்தபடி கேட்டவர் ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கோயில் திருவிழாவும் கல்யாண முகூர்த்தமும் காந்தி ரோடு பட்டுக்கடைக் கூட்டமும் பஞ்சாங்கத்தைப் பார்த்தே நகருகிற நம்ம காஞ்சிபுரத்தில், அவரை நிச்சயம் தெரிஞ்சிருக்கணும்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு வேலை

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானியல் ஆய்வகத்தைக் கட்டியது. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் நட்சத்திரங்களின் சரியான இடம் தெரிந்தாக வேண்டும்; அதற்காகத்தான் இந்தச் செலவு. அங்கே கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இருக்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.

பஞ்சாங்கம் கணிக்கிற மரபில் வந்த ரகுநாதாச்சாரி, 1840 வாக்கில் இந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குச் சுமார் 18 வயது. அதாவது இன்றைக்கு நீங்க ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த வயசு. கடைசிவரை, சுமார் 40 வருஷம், அதே இடத்தில் வேலை பார்த்தார். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். 1861இல் நார்மன் போக்சன் தலைமை ஏற்றார். நட்சத்திரப் பிரகாசத்தை இன்றைக்கும் நாம் அளக்கிற கணக்கு (5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு) அவர் வகுத்ததுதான். அவருக்குக் கீழே முதல் உதவியாளர் என்ற நிலைக்கு ரகுநாதாச்சாரி உயர்ந்தார்.

வேலை என்னவென்றால், வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் ஒரு டெலஸ்கோப் முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கண்வில்லையில் மெல்லிய இழைகள் கட்டியிருக்கும். அந்தக் காலத்தில் இதற்குச் சிலந்தி நூலைப் பயன்படுத்துவது வழக்கம். பட்டு நூல்கூட அதற்குத் தடிமன்! நட்சத்திரம் ஒவ்வோர் இழையையும் தாண்டும் நொடியைக் கடிகாரத்தில் கேட்டுக் குறிக்க வேண்டும். அடுத்த நட்சத்திரம், அதற்கடுத்தது. இப்படியே பல்லாயிரம் பதிவுகள். கேட்கவே போரடிக்குது, இல்லையா? ஆனா அந்தப் பொறுமையில்தான் கண்டுபிடிப்பு ஒளிஞ்சிருந்தது.

காணாமல் போன நட்சத்திரம்

தென்வானின் கீழ்க்கோடியில் இருந்த ஒரு மங்கலான நட்சத்திரம் ஒரு முறை தெரிந்தது, இன்னொரு முறை தேடினால் இல்லை, பிறகு திரும்ப வந்தது. வேறு யாராவது இருந்தால் பதிவில் ஏதோ தப்பு என்று கடந்து போயிருக்கலாம். ரகுநாதாச்சாரி விடவில்லை. 1867இல் அது ஒளி மாறும் விண்மீன் என்று உறுதியானது. ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். சுமார் 278 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற அதன் ஒளி, உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு வரும்போது சுமார் ஆயிரம் மடங்கு மங்கிவிடும். ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழேயே கிடந்தது; சென்னைக்குத் தெரிந்தது. நவீனக் கருவி கொண்டு இந்தியர் ஒருவர் செய்த முதல் விண்மீன் கண்டுபிடிப்பாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1868 ஆகஸ்ட் 18 அன்று, முழுச் சூரிய கிரகணம். ஹீலியத்தின் தடயம் முதன்முதலில் சூரிய ஒளியில் பிடிபட்ட கிரகணம் அது. போக்சன் மசூலிப்பட்டணம் போனார். நிஜாம் பகுதியில் இருந்த வனபர்த்திக்குப் போன குழுவை ரகுநாதாச்சாரி நடத்திச் சென்றார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

கணக்கா, வானமா?

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல அரசு ஊழியர், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு இன்னொரு பாதி இருந்தது. ராத்திரி டெலஸ்கோப்பில் பார்க்கும் கிரகம் ஓரிடத்தில் இருக்கிறது; வீட்டுப் பஞ்சாங்கம் அதை வேறிடத்தில் வைக்கிறது. எதை நம்புவது?

இங்கே நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. வாக்கியக் கணிதத்துக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்ற நூல், 1300 வாக்கில் காஞ்சிப் பகுதியில் எழுந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது லேசுப்பட்ட சாதனை இல்லை. எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்து, தரையில் சோழிகளை வைத்தே கிரகணம் கணிக்கும் முறை அது. 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு ஒரு சந்திர கிரகணத்தை அப்படிக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை சுமார் 4 நிமிஷம்தான். முடிவு நேரத்தில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. யோசிச்சுப் பாருங்க!

அப்புறம் எங்கே சிக்கல்? ஒரு கடிகாரம் நாளைக்கு ஒரு நொடி பிந்துது என்று வையுங்க. யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் திருத்தாமல் விட்டால் ஒரு மணி நேரம் பிந்திவிடும். பழைய நூல்களின் எண்களும் அப்படித்தான். எழுதிய காலத்தில் பொருந்தியிருக்கும். நூற்றாண்டுகள் போகப் போக விலகிவிடும். நம்ம பாஷையில் சொன்னால், கருவி நல்ல கருவிதான், கேலிப்ரேஷன் பண்ணாம விட்டுட்டாங்க.

ரகுநாதாச்சாரி சொன்னதும் இதுதான். பழைய சித்தாந்திகளே கண்ணால் பார்த்துக் கணக்கைத் திருத்தச் சொன்னவர்கள். நாம் அதை விட்டுவிட்டோம் என்பது அவர் வாதம். அவர் மரபைத் தூக்கி எறியவில்லை. திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, கிரக நிலைகளை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறபடி மாற்றி, திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 'திருக்' என்றால் பார்வை. எதிர்ப்பு வராமல் இருக்குமா? பரம்பரையாகச் செய்த திவசமும் விரதமும் தேதி மாறுகிறது என்றால் யார் சும்மா இருப்பார்கள்? பண்டிதர்களோடு வாதம் நீண்டது. இன்றைக்கும் அது முடியவில்லை. ஆரம்பத்தில் பார்த்த ரெண்டு தேதியும் அதற்குச் சாட்சி.

1874 டிசம்பர் 9 அன்று சூரியனை வெள்ளி கடந்தது. அதைச் சாதாரண மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். உரையாடல் நடையில் அது இந்திய மொழிகள் பலவற்றில் வெளியானது. அதே ஆண்டு பச்சையப்பன் மண்டபத்தில் பேசும்போது, நம்மவர்கள் வானியலைப் பார்த்துப் பழகுவதற்கென்றே ஓர் ஆய்வகம் வேண்டும் என்று கேட்டார். அது நடக்கவில்லை. 1880 பிப்ரவரி 5 அன்று அவர் இறந்துபோனார். 1899இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின.

ஒரே ஆள், பகலில் பஞ்சாங்கம், இரவில் டெலஸ்கோப். ரெண்டும் மோதியபோது அவர் ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்கு ஓடவில்லை. வானத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

ஜனவரி நடுவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடி ஏறுங்க. தெற்கே பிரகாசமாகத் தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதற்குச் சற்று மேற்கே, அடிவானத்தை ஒட்டி, ஆர் ரெட்டிகுலி இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. உச்ச ஒளியில் இருந்தால் பைனாகுலரில் சிக்கலாம். முதல் நாளே கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க. அவருக்கும் அது ஒருமுறை காணாமல் போனதுதான்.